கடற்கரைக்கு ஒரு நாள்: பொது ஊர்திகளால் சென்று மீளும் முறை

மேற்படிப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் ஐரோப்பாக் கண்டத்துக்குச் சென்றுள்ள நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் உற்றாரும் பலர். அங்ஙனம் செல்வோர் பாரிஸ், ரோமாபுரி முதலிய மாநகரங்களைக் கண்டு மீள்கின்றனரேயன்றிக் கடற்கரைப் பக்கம் செல்லுதல் அரிதாகவே இருக்கின்றது. காரணம் வினவின், சொந்த மோட்டார் வண்டி இல்லை என்பர். வாடகைக்கு எடுத்து அந்நாட்டுச் சாலையில் ஓட்டத் துணிவில்லை என்பர். இக்காரணம் பொருந்தாதென்பதையும், ரெயில், டிராம், பேருந்து என்னும் பொது ஊர்திகளைக் கொண்டே ஒரு பகற்போதில் கடற்கரைக்குச் சென்று மீளலாம் என்பதையும், அதற்கு வேண்டும் ஏற்பாடுகள் இவை என்பதையும் ஈண்டுச் சுருங்க விளக்கக் கருதுகின்றோம். எடுத்துக்காட்டாக, யாம் இருமுறை சென்று கண்ட பெல்ஜிய நாட்டுக் கடற்கரையைக் கொள்வோம். முதன்முறை யாம் செய்த பிழைகளே இரண்டாம் முறைக்கு ஆசிரியராயின. ஆதலின் அவற்றையும் மறையாது கூறுவோம்.

இடத்தின் இயல்பு

பெல்ஜியம் சிறிய நாடு. அதன் கடற்கரையும் சிறியதே. மேற்கே பிரெஞ்சு நாட்டு எல்லையை அடுத்த டே பன்னே என்னும் ஊர் முதல், கிழக்கே ஹாலந்து நாட்டு எல்லையை அடுத்த க்னோக்கே என்னும் ஊர் வரை, ஏறக்குறைய 67 கிலோமீட்டர் தூரம் ஒரே டிராம் வழி ஓடுகின்றது. 1885-ஆம் ஆண்டில் ஆஸ்டெண்டு நகருக்கும் நியூபோர்ட் என்னும் ஊருக்கும் இடையே நீராவி வண்டியாகத் தொடங்கிய இவ்வழி, பின்னர்ப் படிப்படியாக இருபுறமும் நீண்டது. இந்நாளில் மின்சாரத்தால் ஓடுகின்றது. உலகத்தில் உள்ள மிக நீண்ட டிராம் வழிகளுள் இஃது ஒன்று. நிறுத்தங்கள் அறுபதுக்கு மேற்பட்டவை. ஒரு முனை தொடங்கி மறுமுனை சேர இரண்டேகால் மணி முதல் இரண்டரை மணி வரை ஆகும். மணல் மேடுகளும், மாடி வீடுகளும், துறைமுகங்களும் மாறி மாறித் தோன்ற, சிலவிடங்களில் கடலையொட்டியே வண்டி செல்லும்.

இத்துணை நீண்ட கரைக்கு உள்நாட்டிலிருந்து ரெயில் வண்டி வந்து சேரும் இடங்கள் மிகச் சிலவே. டே பன்னே, ஆஸ்டெண்டு, பிளாங்கன்பெர்கே, க்னோக்கே ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இந்நான்கிலும் டிராம் நிறுத்தம் ரெயில் நிலையத்தின் அருகிலேயே உண்டு. இச்செய்தி நம் திட்டத்துக்கு அடிப்படையாகும். ஓர் ஊரில் ரெயிலைவிட்டு இறங்கி, டிராமில் கரை நெடுகச் சென்று, வேறோர் ஊரில் ரெயிலேறி மீளலாம். வந்த வழியே திரும்ப வேண்டுவதில்லை. மோட்டார் வண்டியில் செல்பவனோ அதனை நிறுத்திய இடத்துக்கே மீள வேண்டியவன். பொது ஊர்தியில் செல்பவனுக்கு அக்கட்டு இல்லை.

முதன்முறை நேர்ந்தது

கெண்ட் நகரில் தங்கியிருந்த யாம் கோடைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் புறப்பட்டோம். எம்முடன் நம் ஆசிரியர் ஒருவரின் தந்தையாரும் வந்திருந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையூரிற் பிறந்து, இளமையிற் கரைவலை இழுத்தவர். மகனைக் காண வந்த அவர் மறுநாள் மாலை விமானத்தில் ஊர் திரும்ப வேண்டியவராயிருந்தார். ஐரோப்பாவில் அவர் காண விரும்பியது ஒன்றே. டே பன்னேக்குக் கிழக்கே ஓஸ்டைன்கெர்க்கே என்னும் ஊரில் மீனவர் குதிரைமீதமர்ந்து கடலில் இறங்கி இறால் பிடிப்பர் என்பதை அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதனை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றார்.

அத்தொழில் உண்மையாகவே காணத்தக்கது. பருத்த உடலும் பெருங்கால்களும் உடைய பிராபண்ட் இனத்துக் குதிரைகள் மார்பளவு நீரில் கரைக்கு இணையாக நடக்கும். இருபுறமும் பலகைகளால் விரித்து வைக்கப்பட்ட புனல் வடிவான வலை பின்னே இழுபட்டு வரும். மணலில் உராயும் சங்கிலியின் அதிர்ச்சியால் இறால்கள் துள்ளி வலைக்குள் விழும். பிடித்தவற்றைக் குதிரையின் இருமருங்கும் தொங்கும் கூடைகளில் இடுவர். இக்கலையை 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பருவகாலத்தில் இன்ன நாள் இன்ன வேளை நடைபெறும் என்று முன்கூட்டியே அறிவிப்பும் செய்கின்றனர்.

யாம் அறிவிப்பில் நாளை மட்டும் பார்த்தோம், வேளையைப் பார்த்தோமில்லை. ஆஸ்டெண்டுக்கு வண்டிகள் மிகுதியாதலால் முதலில் அங்கே சென்றோம். ஓவியர் ஜேம்ஸ் என்ஸோர் வாழ்ந்த இல்லத்தைக் கண்டோம்; அமைதியாக உணவு கொண்டோம்; பின்னர் மேற்கு நோக்கி டிராமேறி மூன்று மணியளவில் ஓஸ்டைன்கெர்க்கே சேர்ந்தோம். காலையில் அகன்று கிடந்திருக்க வேண்டிய மணல்வெளியிற் பெரும்பகுதி நீரில் மூழ்கியிருந்தது. மீனவரும் குதிரைகளும் நண்பகலுக்கு முன்னரே வேலை முடித்து வீடு சேர்ந்துவிட்டனர். பெரியவர் நீரைச் சிறிதுபொழுது பார்த்து நின்றார். "கடலுக்கும் ஒரு நேரம் உண்டென்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தம்பி, புறப்படுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவர் குரலிற் கோபம் இல்லை. எமக்கோ மறுமொழி இல்லை. அன்று மாலை டே பன்னே நிலையம் சேர்ந்தபோது ஒரு வண்டி எம் கண்ணெதிரே புறப்பட்டது. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் அம்முதியவரைக் காற்றில் உட்கார வைத்தோம்.

கடலின் கால அட்டவணை

எம் முதற்பிழை, ரெயிலின் கால அட்டவணையை மட்டும் படித்துக் கடலின் கால அட்டவணையைப் படியாது விட்டது. சோழமண்டலக் கரையில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவே ஆதலின், நகரத்தில் வாழும் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. பெல்ஜியக் கரையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவ்வேறுபாடு 4 மீட்டரையும் கடக்கும். கரை சரிவின்றித் தட்டையாக இருத்தலால், நீர் வற்றும்போது பெரியதொரு மைதானம் தோன்றும். நீர் ஏறும்போது அது மறைந்துபோம்.

ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிஷம் செல்லும். ஆதலால் இன்று காலை 11 மணிக்கு நீர் வற்றுமாயின், நாளை ஏறக்குறைய 11 மணி 50 நிமிஷத்துக்கு வற்றும். நாளொன்றுக்கு 50 நிமிஷம் பிந்தும் இக்கணக்கை நினைவிற் கொண்டால், இவ்வாரம் காலையில் வற்றும் கடல் அடுத்த வாரம் அவ்வேளையில் ஏறிநிற்கும் என்பது விளங்கும். சென்ற வாரம் போய்வந்த நண்பர் சொன்ன நேரத்தை நம்பிப் புறப்படுதல் இதனாலேயே தவறாகும். மேலும், சில அட்டவணைகள் கோடைக்காலத்துக்குரிய ஒரு மணியைக் கூட்டாது அச்சிடப்பட்டிருக்கும். மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரங்கள் ஒரு மணி முன்னே வைக்கப்படுதலின், இதனையும் நோக்குதல் வேண்டும்.

இறால் மீனவர் வற்றத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி முன்னர் இறங்கி, வற்றத்துக்கு ஒன்றரை மணி பின்னர்க் கரையேறுவர். 11 மணிக்கு வற்றமாயின், 9 மணி 30 நிமிஷத்துக்கு நாம் மணலில் நிற்றல் வேண்டும். இந்த ஒரு நேரத்தை முதலிற் குறித்துக்கொண்டு, மற்றவற்றை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுக.

பின்னிருந்து எண்ணுதல்

டிராம் நிறுத்தத்திலிருந்து மணலுக்கு நடக்க 10 நிமிஷம். முதியவர் உடனிருப்பின் 20 நிமிஷம். டே பன்னேயிலிருந்து டிராம் பிரயாணம் அரை மணிக்குச் சற்று மேல். டிராமுக்குக் காத்திருத்தல் 15 நிமிஷம் என்க. ஆகவே, டே பன்னே நிலையத்தில் ஏறக்குறைய 8 மணி 20 நிமிஷத்துக்கு இறங்குதல் வேண்டும். கெண்டிலிருந்து டே பன்னேக்கு ரெயில் ஒரு மணிக்குச் சற்று மேல் எடுக்கும். எனவே 7 மணியளவிற் புறப்படும் வண்டி நமக்கு உரியது. அவ்வழியில் பொதுவாக மணிக்கு ஒரு வண்டியே உண்டு. நம் கணக்குக்குப் பொருந்தும் வண்டி இல்லையேல், பிந்திய வண்டியைக் கொள்ளாது முந்திய வண்டியைக் கொள்க.

இனி மீளும் வழி. எமது இரண்டாம் பிழை, வண்டி மிகுந்த ஆஸ்டெண்டைக் காலையிலும், வண்டி அருகிய டே பன்னேயை மாலையிலும் வைத்தது. அதனை மாற்றி, அருகிய வண்டியைக் காலையிலும் மிகுந்த வண்டியை மாலையிலும் வைத்தல் வேண்டும். காலையில் உடலும் உள்ளமும் சுறுசுறுப்பாயிருக்கும். குறித்த வண்டியைப் பிடித்தல் எளிது. மாலையிற் களைப்புண்டு, ஒரு கடையில் தாமதிக்கலாம், மழை வரலாம். அப்பொழுது ஒரு வண்டி தவறினும் மற்றொன்று விரைவில் வரும் நிலையத்தில் இருத்தல் பெரும்பயன். ஆஸ்டெண்டிலிருந்து புரூஜ் நகருக்கு 15 நிமிஷம். கெண்டுக்கு ஏறக்குறைய 40 நிமிஷம். தலைநகரான பிரஸல்ஸுக்கு ஒன்றேகால் மணி. இவ்வழியில் வண்டிகள் அடிக்கடி உண்டு.

வீட்டைவிட்டுப் புறப்படுமுன் அன்றைய கடைசி வண்டியின் நேரத்தைத் தாளில் எழுதிக்கொள்க. எழுதியபின் அதனை விடுத்து, அதற்கு முந்திய வண்டியையே கடைசி வண்டியாகப் பாவித்துக்கொள்க. உண்மையான கடைசி வண்டி நம் தவறுகளுக்காக ஒதுக்கிவைத்த சேமிப்பாகும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களின் அட்டவணை வேலைநாள் அட்டவணையினின்று வேறுபடும். ஐரோப்பிய ரெயில்களின் ஆண்டு அட்டவணை டிசம்பர் மாத நடுவில் மாறும். வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டிருப்பின், பெல்ஜிய ரெயில்வேயார் ஓடக்கூடிய வண்டிகளை முதல் நாள் வெளியிடுவர். ஆதலின் ஒரு வாரம் முன் பார்த்ததை முதல் நாள் இரவு மீண்டும் பார்த்தல் அவசியம்.

வழியிற் காணத்தக்கவை

ஓஸ்டைன்கெர்க்கேயிலிருந்து ஆஸ்டெண்டு வரை டிராம் பிரயாணம் முக்கால் மணியளவு. இடையே எல்லா ஊர்களிலும் இறங்க நினைப்பவர் ஓர் ஊரையும் காணார். இரண்டே இடங்களைத் தெரிந்துகொள்ளுதல் நன்று.

அவற்றுள் நியூபோர்ட் ஒன்றாகலாம். முதல் உலக யுத்தத்தில், 1914-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், பெல்ஜியப் படை பின்வாங்கிப் பின்வாங்கி இஸர் ஆற்றங்கரையில் நின்றது. அப்போது நியூபோர்ட்டிலுள்ள மதகுகளைக் கடல் ஏறும் வேளையில் திறந்தும், வற்றும் முன் மூடியும், நாள்தோறும் நீரைத் தாழ்நிலத்திற் பாய்ச்சினர். வயல்வெளி ஏரியாயிற்று, ஜெர்மானியர் படை மேற்செல்ல இயலாது நின்றது. ஏற்றவற்றத்தின் நேரத்தை அறிந்த ஹென்ட்ரிக் ஹீரார்ட் என்னும் படகோட்டி இச்செயலிற் பெரும்பங்கு கொண்டார். அம்மதகுகளருகே மன்னர் முதலாம் ஆல்பர்ட்டின் ஞாபகச்சின்னம் 1938-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. கடலின் நேரத்தை அறிதல் ஒரு நாட்டையே காத்த இடம் இது. எம் முதற்பயணத்தில் இதனை வண்டியிலிருந்தவாறே கடந்து சென்றோம்.

மற்றொன்று ஆஸ்டெண்டு. 1838-ஆம் ஆண்டிலேயே ரெயில் பாதை சேர்ந்த பழைய துறைமுகம். இவ்வூர்ப் பெயர் நம் நாட்டுச் சரித்திரத்திலும் உண்டு. 1722-ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸின் பட்டயம் பெற்ற ஆஸ்டெண்டு வர்த்தகக் கம்பெனியார் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்திற் பண்டகசாலை வைத்திருந்தனர். 1727-இல் அப்பட்டயம் நிறுத்திவைக்கப்பட்டது. பொழுது மிகுந்திருப்பவர் ஆஸ்டெண்டுக்குக் கிழக்கே டே ஹான் என்னும் அழகிய சிற்றூருக்கும் டிராமில் செல்லலாம். விஞ்ஞானப் பேரறிஞர் ஐன்ஸ்டைன் ஜெர்மனிக்குத் திரும்ப இயலாத நிலையில், 1933-ஆம் ஆண்டில் சில மாதங்கள் தங்கிய ஊர் அது.

பணப்பையும் உடம்பும்

ரெயிலும் டிராமும் வெவ்வேறு ஸ்தாபனங்களைச் சேர்ந்தவை. ரெயில் டிக்கெட்டைக் காட்டி டிராமில் ஏறுதல் இயலாது. டிராமிற் பலமுறை ஏறியிறங்குவோருக்கு ஒருநாட் சீட்டு உண்டு. எத்தனை முறை ஏறப்போகின்றோம் என்று எண்ணிப் பார்த்து, ஆதாயமாயின் அதனைக் கொள்க. உள்நாட்டு ரெயிலில் இருக்கை முன்பதிவு இல்லை. ஆதலால் வெயில் நன்றாக அடிக்கும் விடுமுறை நாளிற் கூட்டம் மிகும். டிக்கெட்டை நிலையத்திலோ கைபேசியிலோ வாங்காது வண்டிக்குள் வாங்குவோர் மிகைக் கட்டணம் செலுத்த நேரும்.

ஊர்ப் பெயர்கள் மொழிக்கு மொழி வேறுபடும். நாம் புரூஜ் என்பதை அவ்வூர் நிலையத்திற் புருகே என்றே எழுதியிருப்பர். டே பன்னேயைப் பிரெஞ்சு மொழியினர் லா பான் என்பர். பிரஸல்ஸில் வடக்கு, மத்தி, தெற்கு என்று பெரிய நிலையங்களே மூன்றுண்டு. புரூஜில் வண்டி இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி பிளாங்கன்பெர்கேக்கும் மற்றொரு பகுதி க்னோக்கேக்கும் செல்வதும் உண்டு. ஆதலின் ஏறும் பெட்டியின் பலகையை நோக்கி ஏறுக.

வட கடலின் காற்று கோடையிலும் குளிர்ச்சியுடையது. மேற்சட்டை ஒன்று கையில் இருத்தல் வேண்டும். ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வரையும் வெளிச்சம் உண்டு. டிசம்பர் மாதத்திலோ மாலை 5 மணிக்கு முன்னரே பொழுது சாயும். கோடையில் நீராடுமிடங்களில் காவலர் கொடி ஏற்றுவர்: பச்சை, நீராடலாம்; மஞ்சள், அபாயம் உண்டு; சிவப்பு, நீரில் இறங்கக்கூடாது. நிலையங்களிற் கழிப்பிடத்துக்குக் கட்டணம் உண்டாதலின் சில்லறை வைத்துக்கொள்க. முதியவர் உடன்வரின் ஒவ்வோர் இறக்கத்துக்கும் இருமடங்கு நேரம் வைத்து, காணும் இடங்களைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுதலே அவர்க்குச் செய்யும் மரியாதையாகும்.

பிறவிடங்களுக்கும் இதுவே

பெல்ஜியத்தை உதாரணமாக எடுத்தோமாயினும் முறை ஒன்றே. இங்கிலாந்தின் வடகிழக்கே லிண்டிஸ்பார்ன் என்னும் புனிதத் தீவு உண்டு. 635-ஆம் ஆண்டளவில் அர்ச்சியசிஷ்ட எய்டன் மடம் நிறுவிய இடம். அத்தீவுக்குச் செல்லும் சாலை நாளைக்கு இருமுறை கடலில் மூழ்கும். பெரிக் நகரிலிருந்து செல்லும் பேருந்தின் நேரமும் அதனையொட்டியே மாறும். இத்தாலியில் ஐந்து ஊர்கள் எனப் பொருள்படும் சிங்க்வே டெர்ரேயில் ஊருக்கு ஊர் ரெயில் உண்டு; படகோ கடல் அமைதியாயிருந்தாலன்றி ஓடாது. எவ்விடமாயினும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: கடல் எப்பொழுது இடம் தரும்? வண்டி அருகிய பக்கம் எது? கடைசி வண்டிக்கு முந்திய வண்டி எப்பொழுது? இம்மூன்றுக்கும் விடை எழுதிய தாள் ஒன்று கையிலிருந்தால் மோட்டார் வண்டி வேண்டுவதில்லை.

மறு ஆண்டு யாம் மீண்டும் சென்றோம். இம்முறை 7 மணி வண்டியில். 9 மணி 30 நிமிஷத்துக்கு மணலில் நின்றோம். குதிரைகள் நீரில் இறங்குவதையும், கூடை நிறைய இறால் கொண்டு கரையேறுவதையும் கண்டு, படம் பிடித்து, ஊரிலுள்ள பெரியவருக்கு அனுப்பினோம். வலையின் பலகை கட்டிய விதத்தைப் பற்றி மகன் வாயிலாக நான்கு கேள்விகள் கேட்டிருந்தார். அவற்றுள் இரண்டுக்கு மட்டுமே எமக்கு விடை தெரிந்தது. நேரில் நின்றிருந்தால் நான்குக்கும் அவரே விடை கண்டிருப்பார்.

ஆதலின் நம் மாணவர்களுக்கு யாம் இறுதியாகக் கூறுவது இதுவே. பெற்றோரை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படும் நாளில், அட்டவணைகளைப் பார்ப்பதற்கு முன் அவர்களையே முதலிற் கேளுங்கள். எதைக் காண விரும்புகின்றார்கள் என்பது மட்டுமன்று, அதைப்பற்றி என்ன அறிவார்கள் என்பதும் அப்பொழுது தெரியவரும்.